படத்தில் இல்லாத ஒரு செம்புத் தண்ணீர்

எங்கள் கம்பெனிப் பேருந்தில், ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு சிறிய டிவி தொங்கிக்கொண்டிருந்தது. திரையின் இடப்பக்கம் ஒரு பச்சைக் கறை. கறுப்பு வெள்ளைப் படமாயினும் அழுகிறவளின் ஒரு கன்னம் பச்சையாகவே தெரியும். காலை ஷிப்டுக்கு மணிமங்கலத்தில் புறப்பட்டு, ஊர் ஊராக நின்று, ஒரகடம் வந்து சேரும்வரை அதில் ஓடியது ஒரே பழைய படம். நேரத்தை மிச்சம் பிடிக்கப் பாட்டுகளை எல்லாம் யாரோ வெட்டி எறிந்திருந்த பிரதி அது.

எங்கள் பக்கத்து ஊர்களில் திருவிழா நாடகமாக நெடுங்காலம் ஆடப்பட்டு, பிறகு படமான கதை. பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும் வணிகன் ஒருவன், வண்டியில் சரக்குக்கும் மனைவிக்கும் சேர்த்து இடம் போதாது என்றதும், சரக்கை ஏற்றிக்கொண்டு மனைவியை வழியில் இறக்கிவிட்டுப் போகிறான். அவள் செத்துப்போகவில்லை. விடப்பட்ட அதே இடத்தில் தண்ணீர்ப்பந்தல் வைத்துப் பிழைக்கிறாள். ஆண்டுகள் பல கழித்து, பத்து வண்டிகளோடு அவளை அழைத்துப்போக அவன் வருகிறான். பந்தலின் முன் அவன் தலைகுனிந்து நிற்கும்போது எங்கள் பேருந்து கம்பெனி கேட்டுக்குள் திரும்பும், டிவி அணைந்துவிடும். எத்தனை முறை பார்த்தும் அதற்கு மேல் நான் பார்த்ததில்லை.

முடிவைச் சொன்னவர் எங்கள் லைன் லீடர் அக்கா. சிறு வயதில் திருவிழாவில் தன் அம்மாவின் மடியில் உட்கார்ந்து அந்த நாடகத்தைப் பார்த்தவர். "இன்னா பேச்சாளரே, முடிவு தெரியாம கை ஓடலியா? அவ ஒரு செம்பு தண்ணி குடுப்பா. வழிப்போக்கருக்கு உள்ளது உங்களுக்கும் உண்டு, அதுக்கு மேல இல்லன்னுவா. அவ்ளோதான். க்ளவுஸ மாட்டு."

தண்டலத்துக் கல்லூரியில் படித்த ஆண்டுகளில் நான் ஏறாத மேடை இல்லை. வாங்காத கோப்பையும் அதிகம் இல்லை. முடிவுரையை எழுதிவிட்டுத்தான் முன்னுரையைத் தொடுவது என் வழக்கம். ஒரு மேடைப் பேச்சு முழுவதும் முயன்றாலும் எட்ட முடியாத முடிவுரை ஒன்று அந்தச் செம்பில் இருந்ததை அன்றே உணர்ந்தேன். அது அக்காவுக்கு ஏன் இவ்வளவு நன்றாக நினைவிருந்தது என்பது பிறகே தெரிந்தது. டைபாய்டு காய்ச்சலில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருடைய கணவர் பீரோ, பிரிட்ஜ், கட்டில் எல்லாவற்றையும் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டார். "மிக்ஸி மூடிய மட்டும் வுட்டுட்டுப் போயிட்டாரு. வண்டில எடம் இல்ல போல" என்று சிரித்துக்கொண்டே சொல்வார் அக்கா. அந்த மூடியில்தான் ஊறுகாய் வைத்துக்கொள்வார்.

பிறகு அந்தக் கதையைப் புதிதாகப் படம் எடுத்தார்கள். வார விடுமுறையில் லைன் பெண்கள் எல்லோரும் போனோம். அக்காவின் அம்மாவும் வந்தார். பத்து மாட்டுவண்டிகள் நூறாகிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீண்டிருந்தன. கொள்ளையரும் ஒட்டகங்களும் தீப்பந்தங்களும் வந்தன. நாயகன் மனைவியை விட்டுப் போகவில்லை. வில்லன் அவனை மயக்கிக் கட்டித் தூக்கிப் போனான். கடைசியில் அவள் ஓடிவந்து அவன் மார்பில் விழுந்தாள். செம்பு இல்லை. பந்தல்கூட இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மழை பெய்தது.

பழங்கதையில் யாரும் கைவைக்கக் கூடாது என்று வாதிடுபவள் அல்ல நான். வண்டிகளைப் பெருக்குங்கள், வானத்திலிருந்து படம்பிடியுங்கள், எனக்கு வழக்கில்லை. ஆனால் சரக்கா மனைவியா என்ற இடத்தில் அவன் எடுத்த முடிவைக் கதையிலிருந்து பிடுங்கிவிட்டால், பந்தலின் கீழ் அவள் எடுக்கும் முடிவுக்கு நிற்க நிலம் ஏது? அவனைக் குற்றமற்றவனாக்க அவளை ஊமையாக்க வேண்டியிருந்தது. திரையரங்கின் வாசலில் இதை நான் உரக்கவே சொன்னேன். "மாடுங்கோ நல்லா நடிச்சிருந்திச்சி" என்றார் அக்கா. அவருடைய அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம் ஓசூரிலிருந்து ஆள் வந்தது. கணவர் திரும்ப அழைத்துப்போக விரும்புகிறார், ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்துவிடலாம் என்று அக்காவின் அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். அம்மாவின் வாதம் எளிமையானது: "கதைல வர்றவளே போயிட்டா. நீ இன்னாடி பெருசா?" மறுநாள் லைனில், கீறல் விழுந்த ஒரு பாகத்தைக் கவனிக்காமல் அடுத்த கைக்குத் தள்ளிவிட்ட அக்கா, தணிந்த குரலில் என்னைக் கேட்டார்: "அந்தம்மா நெஜமாவே போவலதானே? நாந்தான் தப்பா நெனச்சிகினு கீறனா?"

அந்தக் கேள்வி என்னை இருக்கவிடவில்லை. பழைய படத்தின் முடிவைச் செல்போனில் தேடினேன். வெட்டி எறியப்பட்ட பாட்டுகள் எல்லாம் கிடைத்தன. அந்தக் காட்சி கிடைக்கவில்லை. நான் வந்து பேசுகிறேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறன்று மணிமங்கலத்தில், அக்கா வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. சலவைச் சட்டையில் கணவர். பக்கத்தில் அவருடைய மாமா. நான் எழுந்து நின்று பேசினேன். உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. முதற்கருத்தை நிறுவினேன். இரண்டாவதில் மாமா குறுக்கிட்டார். "நீ யாரும்மா, வக்கீலா?"

"கூட வேலை செய்யறேங்க."

"படம் பாக்கலியா நீ? அந்தப் பொண்ணு எப்புடி ஓடியாந்து சேந்துச்சி."

"மூலக்கதையில் அப்படி இல்லைங்க."

"எந்த மூலமோ. ஊரே இதத்தான பாத்துக்கினு கீது."

மூன்றாவது கருத்துக்கு நான் மூச்சு வாங்கியபோது அக்கா எழுந்து உள்ளே போனார். ஒரு செம்புத் தண்ணீரோடு திரும்பி வந்தார். கணவருக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளாலும் அதை நீட்டினார். அவர் முகம் மலர வாங்கிக் குடித்தார். "பாத்தியா, தண்ணியே குடுத்துடுச்சி. அப்புறம் இன்னா பேச்சு" என்று மாமா தொடையில் தட்டினார். அண்ணனும் சிரித்தார். புதிய படத்தை மட்டுமே பார்த்தவர்கள் அவர்கள். மகளை மடியில் வைத்துக்கொண்டு பழைய நாடகத்தைப் பார்த்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வெற்றுச் செம்போடு நின்ற மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்கு மேல இல்லியாடி?"

"இல்லம்மா."

அம்மா எழுந்து, மருமகனின் செருப்பு கிடந்த வாசற்பக்கம் கையைக் காட்டினார். "வெயிலுக்கு முன்னால கெளம்புங்க மாப்ள. ஓசூரு தூரம்."

என் மூன்றாவது கருத்து இன்றுவரை அரங்கேறவில்லை. அது நல்ல கருத்து என்பதில் எனக்கு இன்னும் ஐயமில்லை.

அக்கா இப்போது வேறு பிளாண்டில், வேறு பேருந்தில் போகிறார். எங்கள் பேருந்துக்குக் கறையில்லாத புதிய டிவி வந்திருக்கிறது. அதில் அந்தப் புதிய படம் ஓடுகிறது. ஒட்டகங்கள் வரும்போதெல்லாம் எழுந்து நின்று பேச வேண்டும் போலிருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன். அவள் ஓடத் தொடங்கும் இடத்தில் பேருந்து கேட்டுக்குள் திரும்பித் திரை அணைகிறது. அந்த ஒரு வளைவுக்கு மட்டும் நன்றி சொல்வேன்.

போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், தென்காசியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவள், அணைந்த திரையைக் காட்டிச் சொன்னாள்: "முடிவ நான் போன்ல பாத்துட்டேங்க்கா. ரெண்டு பேரும் சேந்துருவாவ."

"இல்ல. அவ ஒரு செம்பு தண்ணி குடுப்பா. அதுக்கு மேல இல்லன்னு அனுப்பிடுவா."

"அது எந்தப் படத்துலக்கா?"

"படத்துல இல்ல. மணிமங்கலத்துல பாத்தேன்."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். இறங்கும் வரிசை நகரத் தொடங்கியிருந்தது. படிக்கட்டில் என் தோளைத் தொட்டு, "வாங்கிக் குடிச்சானாக்கா?" என்று கேட்டாள்.