மாடி அங்கிள் ஒட்டிய தும்பிக்கை

எங்கள் மாடிக்குக் குடிவந்த அங்கிளுக்கு முட்டி வலி, வைத்தியத்துக்காக வந்திருக்கிறார் என்றுதான் யார் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி மூன்றாவது தெருவில் எங்கள் வீடு. சொல்லிக்கொடுத்ததைத் தெருவில் எல்லோருக்கும் அவர்கள் கேட்காமலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கிள் குடும்பத்தை அனுப்பிவைத்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. மாலத்தீவில் ஒரு சின்னஞ்சிறு தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். அந்தத் தீவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க இருபது நிமிடம்தான் ஆகும் என்பாள். பள்ளி விடும் நேரத்தில் கேம்ப் ரோட்டைக் குறுக்கே கடக்கவே அதற்கு மேல் ஆகும் என்பார் அப்பா. அதே பள்ளியில் சரித்திர ஆசிரியராக இருந்தவர்தான் அங்கிள். அவரும் ஆன்ட்டியும் என் வயதில் லைனா என்ற பெண்ணும் நான்கு பெட்டிகளோடு ஒரு மத்தியானம் வந்து இறங்கினார்கள். நான்கில் ஒன்று முழுக்க மாசிக் கருவாடு. அதில் பாதியை ஆன்ட்டி அன்றைக்கே அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அதன்பிறகு மாடி வாடகைக்கு வந்தவர்களைப் பற்றி அம்மா ஒரு குறையும் சொன்னதில்லை.

அத்தையும் அங்கே வேலை பார்த்த மற்ற தமிழ் ஆசிரியர்களும் பேசிப் பேசி அங்கிளுக்கும் லைனாவுக்கும் கொஞ்சம் தமிழ் வரும். மரியாதை விகுதி மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. அங்கிள் அப்பாவைப் பார்த்து, "சார், நீ சாப்ட்டியா?" என்பார். அப்பாவும் முகம் மாறாமல், "சாப்ட்டேன் சார், நீங்க?" என்பார். அங்கிள் ஐந்து வேளையும் தொழுவார். வெள்ளிக்கிழமைகளில் ஆட்டோ பிடித்து தாம்பரம் பள்ளிவாசலுக்குப் போவார். மற்றபடி வெளியே தலைகாட்ட மாட்டார்.

லைனா வந்த அன்றே மொட்டை மாடிக்கு ஏறிக் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். நான் கெத்தை விடாமல் சேலையூர் ஏரியைக் காட்டினேன். "அது கடல் இல்ல. சுத்தி வீடு இருக்கு," என்றாள். கடல் என்றால் வீட்டைச் சுற்றி இருப்பது என்பது அவள் கணக்கு.

அந்த வருடம் அவர்கள் நாட்டில் ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்று அப்பா டிவி பார்த்துவிட்டுச் சொன்னார். தீவு நாடாயிற்றே, படகு மாதிரி ஏதோ கவிழ்ந்திருக்கிறது, இவர்கள் நீந்தித் தப்பித்தவர்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அங்கிளின் முட்டி வலிக்கும் அது பொருந்தி வந்தது.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. கேம்ப் ரோட்டில் வண்டி மேல் களிமண்ணைக் குவித்து, அச்சில் அடித்து, குன்றிமணிக் கண் வைத்துக் கையில் கொடுப்பார்கள். அந்த வருடம் நான்தான் பிள்ளையாரைத் தூக்கி வருவேன் என்று அடம்பிடித்து அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். மடியில் மணை, மணையில் பிள்ளையார், பிள்ளையார் தலையில் காகிதக் குடை. தெரு முனையில் இருந்த வேகத்தடையை அப்பா தினமும் எப்படித் தாண்டுவாரோ அப்படியே தாண்டினார். குடை பறந்தது. குனிந்து பார்த்தால் தும்பிக்கை என் பாவாடையில் கிடந்தது. ஒரு கையையும் காணவில்லை.

அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "பின்னமான பிள்ளையார வெச்சு பூஜை பண்ணுவாங்களா? ராகுகாலம் வேற வரப்போகுது. போய் வேற வாங்கிட்டு வாங்க."

அப்பா போன வேகத்தில் திரும்பி வந்தார். "மண்ணே தீந்துபோச்சாம். மாடம்பாக்கம் பக்கம் போய்ப் பாக்கறேன்," என்று மறுபடி கிளம்பினார்.

அம்மா என்னைத் திரும்பியும் பார்க்காமல் கொழுக்கட்டை வேலைக்குப் போய்விட்டாள். அதற்கு இரண்டு அடி போட்டிருக்கலாம். நான் மாடிப்படியில் உட்கார்ந்து, மணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதேன்.

அங்கிள் படி இறங்கி வந்தார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முட்டி வலிக்காரர் குத்துக்காலிடுவதைக் கண்டு என் அழுகை ஒரு நிமிடம் நின்றே போனது.

"தண்ணி கொண்டா," என்றார்.

டம்ளரில் கொண்டுவந்தேன். உடைந்த இடத்தை விரலால் நனைத்தார். மண் ஒட்டுவதற்காகத் தும்பிக்கையின் அடிமுனையைக் கீறிவிட்டார். பீடத்தின் அடியிலிருந்து ஒரு துண்டு மண்ணைக் கிள்ளிக் குழைத்து, இரண்டையும் சேர்த்து, மூச்சுவிடாமல் அழுத்திப் பிடித்தார். காணாமல்போன கைக்குப் புதுக்கையே செய்தார். அவர் விரல்கள் ரொம்பப் பழகிய வேலையைச் செய்வதுபோலச் செய்தன.

"அங்கிள், நீங்க சாமி கும்புட மாட்டீங்கல்ல?" என்று கேட்டேன்.

"நான் கும்புடல. இது மண்ணு. நீ அழுவுற. அதான்," என்றார் தலை நிமிராமல்.

அப்பா கழற்றி மாட்டியிருந்த சட்டையில் அவருடைய புது போன் இருந்தது. அதை எடுத்துவந்து ஒரு படம் எடுத்தேன். அங்கிள் நாக்கைக் கடித்துக்கொண்டு தும்பிக்கையைத் தடவிக்கொண்டிருக்கிறார். பிள்ளையார் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறார்.

ஒரே ஒரு பிழை. தும்பிக்கை வலது பக்கம் திரும்பிவிட்டது. அம்மா வந்து பார்த்தாள். "வலம்புரியாயிடுச்சே. வலம்புரின்னா ரொம்ப ஆச்சாரமா இருக்கணும்," என்றாள். பிறகு அங்கிளின் களிமண் கையைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, இருந்துக்கலாம்," என்றாள். மாடம்பாக்கத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அப்பா, பூஜை தொடங்கிவிட்டதைப் பார்த்து நேராகக் கால் கழுவப் போனார்.

அத்தோடு முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, படத்தைப் பார்த்தான். "செம போட்டோடி!" என்று என் முதுகில் தட்டினான். அதைத் தன் பேஸ்புக்கில் போட்டு, 'மதம் கடந்த மனிதம்' என்று தலைப்பிட்டு, அங்கிளின் முழுப்பெயர், நாடு, எங்கள் சேலையூர் எல்லாவற்றையும் அக்கறையாக எழுதினான். எடுத்தது நான் என்பதை மட்டும் எழுதவில்லை. அதற்காக அவனோடு சண்டை போட்டேன்.

மத்தியானம் தெருமுனைப் பிள்ளையார் கமிட்டியிலிருந்து மூன்று அண்ணன்கள் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் குரல் ஸ்பீக்கர் இல்லாமலேயே பேசப் பழகியது.

"யக்கா, உன் வூட்டு மாடில ஒரு பாய் கீறாராமே, நம்ம புள்ளையாருக்குத் தும்பிக்கை வெச்சாராமே? சாயங்காலம் ஸ்டேஜுல ஏத்தி சால்வை போடறோம். பேனர் அடிச்சுகினு கீறாங்க."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்களுக்கும் கொழுக்கட்டை கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தையின் போன் வந்தது. அப்பா காதில் வைத்திருந்தும் அத்தை பேசியது எனக்குக் கேட்டது.

"அந்த போட்டோவ அழிக்கச் சொல்லுண்ணா. இப்பவே. என்ன ஏதுன்னு அப்புறம் கேளு. அவர் பேரு, ஊரு எல்லாம் போட்ருக்கான் அந்தக் கழுதை!"

"முந்நூறு லைக் வந்திருக்கு அத்தான்," என்றான் மாமா. அப்பா அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அழிப்பது எப்படி என்று தெரியாமல் அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மாமா உடனே அழித்தான்.

கமிட்டி அண்ணன்களிடம் அப்பா, "அவருக்கு முட்டி வலிப்பா, மேடை ஏற முடியாது," என்றார்.

"சேர்ல வெச்சுத் தூக்கினு போறோம் சார். அதெல்லாம் ஒரு மேட்டரா?"

அப்பா முன்னால் நின்றவரை மட்டும் கேட்டுக்கு வெளியே அழைத்துப் போய் ஐந்து நிமிடம் மெதுவாகப் பேசினார். அந்த அண்ணன் அத்தனை நேரம் வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அன்று மாலை பேனர் எதுவும் முளைக்கவில்லை. பதிலாக, எங்கள் தெருமுனையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. கமிட்டிக்காரர்கள் முறைபோட்டு அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக யார் வந்தாலும், "யார் வூட்டுக்கு? இன்னா விஷயம்?" என்று கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். கூரியர்காரர் ஒருவர் நொந்து போய்ப் பார்சலை அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. படம் எடுத்தது நான், படத்தால் ஏதோ தப்பாகிவிட்டது, என்ன தப்பு என்று மட்டும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். மாடிக்குப் போய், கதவருகே நின்று, "சாரி அங்கிள். நீங்க கைலிய மடிச்சுக் கட்டியிருந்தீங்க. நான் பாக்காம எடுத்துட்டேன். அடுத்த வருஷம் பேன்ட் போட்டதும் எடுக்கறேன்," என்றேன்.

அங்கிள் ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டிக்கு அவர் மொழிபெயர்த்துச் சொன்னார். இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள்; சிரித்துச் சிரித்து ஆன்ட்டி முந்தானையில்லாத தன் நீளச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல போட்டோ. உன் மேல கோபம் இல்ல," என்றார் அங்கிள். தப்பைச் சரியாகப் பிடித்துவிட்ட திருப்தியோடு இறங்கி வந்தேன்.

பல வருடங்கள் கழித்து, ஊரோடு வந்துவிட்ட அத்தை சொல்லித்தான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது. அவர்கள் தீவுத் தென்னந்தோப்பில் கிணறு வெட்டும்போது ஒரு கல் தலை கிடைத்திருக்கிறது. அந்தத் தீவுகளில் இஸ்லாம் வருவதற்கு முன் வாழ்ந்தவர்கள் செதுக்கியது. நான்கு துண்டாக இருந்ததை அங்கிள் ஒட்டி, பள்ளிக்கூட அலமாரியில் வைத்து, இதுவும் நம் முன்னோர் கைவேலைதான் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். அவரிடம் படித்த பையன்களே சிலர், புதிதாக மார்க்கம் பேச ஆரம்பித்தவர்கள், உள்ளே புகுந்து அதை நொறுக்கினார்கள். அவர் ஒட்டினார். மறுபடி நொறுக்கினார்கள். அவர் புகார் கொடுத்தார். அந்தச் சமயத்தில்தான் தலைநகரத்தில் கலவரமும் ஆட்சி மாற்றமும். புகாரை வாங்கியவர்கள் இருந்த இடத்தில் இல்லை, இருந்தவர்கள் பயந்துபோயிருந்தார்கள். சிலை வணங்கி என்று அவர் வீட்டுக் கதவில் எழுதினார்கள். பிறகு கதவை எரித்தார்கள். "அஞ்சு வேளை தொழற மனுஷன்டி. தொழுகைக்குப் போன நேரத்துலதான் எரிச்சாங்க," என்றாள் அத்தை.

அப்படிப்பட்டவர் விரலில் களிமண்ணோடு பிள்ளையாருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படத்தை, ஊர் பேரோடு நாங்கள் உலகத்துக்குக் காட்டினோம். இரண்டு மணிநேரம்தான் இருந்தது. அது போதுமானதாக இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் அவருடைய போனுக்கே அந்தப் படம் வந்து சேர்ந்தது, கீழே ஒரு வரியோடு. அந்த வரி என்ன என்று அத்தை சொல்லவில்லை.

ஆனால் கதை நல்லபடியாகத்தான் முடிந்தது. இங்கிருந்து வேறு வீடு, அங்கிருந்து வெகுதூரத்தில் ஒரு குளிர் நாடு. அங்கிளுக்கு அங்கே பள்ளிக்கூட வேலையே கிடைத்தது. லைனா இப்போதும் பேசுகிறாள். அப்பாவை விசாரிக்கும்போது, "உன் அப்பா சாப்ட்டானா?" என்கிறாள்.

எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் கிளம்பிய காலை மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கமிட்டி அண்ணன்கள்தான் வேன் பிடித்துவந்து பெட்டிகளை ஏற்றினார்கள். அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். ஆன்ட்டி அம்மாவின் கையை விடவேயில்லை. மாமா வெளியே வராமல் உள்ளறையிலேயே இருந்தான். லைனா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தான் பார்த்த வீடுகளை எனக்காக விரல்விட்டு எண்ணினாள். தீவு வீடு, பாட்டி வீடு, தலைநகரத்தில் ஒரு வீடு, எங்கள் மாடி, இனிமேல் போகும் வீடு. ஒரே வருடத்தில் ஐந்து! பிறந்ததிலிருந்து நான் ஒரே வீட்டில், ஒரே அறையில், அதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேன் திரும்பி மறைந்தது. எனக்குப் பொறாமை தாளவில்லை.

"நாம மட்டும் ஏம்பா இங்கேயே இருக்கோம்?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

என்னைத் தூக்கும் வயது தாண்டி வெகுநாளாகியிருந்தும், அன்றைக்கு அப்பா கேட்டிலிருந்து வீட்டுக்குள் தூக்கிக்கொண்டே வந்தார். கேட்டதற்கு பதில் சொல்லத் தெரியாததால்தான் தூக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.