சத்தம் அடங்கிய ஆண்டெனா

அந்த ஆண்டெனா முழங்கை நீளம்கூட இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் குழல், மேலே மூடி, அடியில் ஒயர் மாட்ட ஒரு வாய், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து மாமா அதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கா பதினஞ்சு நாளா வாசலையே பாத்துட்டு இருந்தீங்க? தண்ணி பைப்பு துண்டு மாதிரி இருக்கு” என்றாள். மாமாவுக்குக் கோபம் வரவில்லை. சட்டை நுனியால் அதைத் துடைத்துவிட்டு, “மாப்ள, நீ சொல்லு, இது போதும்தானே?” என்று என்னைப் பார்த்தார். போதும் என்றேன். எதற்குப் போதும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று பேருக்குமே தெரியும்.

மாமா என் அக்காவின் கணவர். மைசூர் பஸ் டிப்போ ஒன்றில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களுக்கு ஒரே பையன். சரக்குக் கப்பலில் மின்சார வேலை பார்த்தான். ஒரு மழைக்காலத்தில் அரபிக்கடலில் அந்தக் கப்பலின் தொடர்பு அறுந்துபோனது. தேடினார்கள். பிறகு தேடுவதை நிறுத்தினார்கள். உயிரோடு இருப்பதாக நம்ப இடமில்லை என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அக்கா அன்று அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. மாமா கடிதத்தை மடித்து பீரோவில் வைத்தார். “வண்டி வரலைன்னா நாங்க கேன்சல்னு எழுத மாட்டோம். லேட்டுன்னுதான் எழுதுவோம். வண்டியோ, அதைப் பாத்த ஆளோ வர்ற வரைக்கும் ஷீட்டை மூடக்கூடாது” என்றார். டிப்போவின் சட்டம் அது. அந்தச் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் மனுஷன்.

ஒருமுறை லீவில் வந்திருந்தபோது பையன் சொல்லியிருக்கிறான்: நடுக்கடலில் மற்ற எல்லாக் கருவியும் கெட்டுப்போனாலும் சிற்றலை ரேடியோவில் கூப்பிட்டுப் பார்க்கலாம், ஆபத்து என்றால் கூப்பிடுவதற்கென்றே தனி அலைவரிசை இருக்கிறது என்று. மாமா அதைப் பிடித்துக்கொண்டார். கப்பல் போன ஏழாவது மாதம் நல்லதாக ஒரு ரேடியோ வாங்கினார். வீட்டுக்குள் வைத்தால் வெறும் இரைச்சல். நீளமாகக் கம்பி கட்ட வேண்டுமென்றால் மாடியில் இடமில்லை. கீழ்வீட்டுக்காரர்களின் துணிக்கொடி, சோலார் ஹீட்டர், இரண்டு தண்ணீர்த் தொட்டி. இந்த மாதிரி ஆண்டெனாவுக்குள் சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கும், முப்பது மீட்டர் கம்பி செய்கிற வேலையை முழங்கை நீளத்தில் செய்யும் என்று சொன்னவன் நான்தான். மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைப் பழுதுபார்க்கிறவன் நான். எதையும் சரிசெய்துவிடலாம் என்கிற திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

மண்டி மொஹல்லாவில் இரும்புக் குழாயும் கிளாம்பும் வாங்கி, ஸ்கூட்டரில் குறுக்கே பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் ஆட்டோக்காரர்களிடம் வசவு வாங்கியபடி வந்து சேர்ந்தோம். தொட்டிகளிலிருந்து தள்ளி, மாடியின் வடக்கு மூலையில் குழாயை நிறுத்தி உச்சியில் ஆண்டெனாவை மாட்டினேன். அடியில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரே கேபிள் சுவரோடு இறங்கி மாமாவின் அறை ஜன்னலுக்குள் போனது. ரேடியோவுக்கு சிக்னல் வருவதும் அதே கேபிளில்தான், ஆண்டெனாவுக்குக் கரெண்ட் ஏறுவதும் அதே கேபிளில்தான். அடாப்டர் போட்டால் அதுவே இரைச்சல் போடும் என்பதால் பழைய பைக் பேட்டரி ஒன்றை வைத்தேன். எர்த்துக்குத் தனியாகத் தோட்டத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பி இறக்கினோம். அறுபத்திரண்டு வயதில் மாமாதான் கடப்பாரை போட்டார். “பேடா மாப்ள, வேணாம், நீ விடு. இது நான் பண்ணணும்” என்றார்.

அன்று மதியம் லைன் வேலை என்று ஏரியா முழுக்கக் கரெண்டை நிறுத்தியிருந்தார்கள். ரேடியோவைப் போட்டால், அப்பப்பா, அப்படி ஒரு தெளிவு! பக்கத்து அலைவரிசையில் இரண்டு கப்பல்காரர்கள் கொச்சை ஆங்கிலத்தில் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. அக்காகூட ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். மூன்று மணிக்குக் கரெண்ட் வந்தது. எதிர்வீட்டு இன்வெர்ட்டர், தெரு முழுக்க எல்ஈடி விளக்கு, எல்லார் வீட்டு மோட்டார், எல்லாம் சேர்ந்து அந்தக் குரல்களை ஒரே வாயில் விழுங்கிவிட்டன. கர்ர்ர் என்ற சத்தம்தான் மிச்சம். ஆண்டெனா எதையும் பெரிதாக்கும். கப்பலையும் பெரிதாக்கும், எதிர்வீட்டு இன்வெர்ட்டரையும் பெரிதாக்கும். அதை முன்பே யோசிக்காத முட்டாள் நான்.

அதற்குப் பிறகு மாமா தினமும் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் அந்த இரைச்சலுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆபத்து அலைவரிசையில் வைத்த முள்ளை அசைக்கவே மாட்டார். “நான் வேற பக்கம் திருப்பின அந்த ஒரு நிமிசத்துல கூப்பிட்டான்னா?” என்பார். ஒரு நோட்டில் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், பக்கத்தில் ‘லேட்’. நானும் சும்மா இருக்கவில்லை. கேபிளில் காந்த வளையம் மாட்டினேன், குழாயை இடம் மாற்றினேன், எதிர்வீட்டுக்காரரிடம் இன்வெர்ட்டரை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. எல்லாக் குடும்பமும் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோவார்கள். பூசையில் வாசிப்பதற்கு இறந்தவர்களின் பெயரை எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். அக்காவுக்கு மெழுகுவர்த்தி வைக்கக் கல்லறையும் இல்லை. பையன் பெயரையாவது வாசிக்கக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். விஷயம் தெரிந்து மாமா கோயில் அலுவலகத்துக்குப் போய், அந்தப் பெயரைத் தன் கையாலேயே அடித்துவிட்டு வந்தார். அன்று அக்கா என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். “பெத்த புள்ளைக்கு ஒரு பூசை வைக்க எனக்கு உரிமை இல்லியாடா? அந்த ரேடியோ கத்துற வரைக்கும் அவரு விட மாட்டாரு. நீதானே மாட்டின, நீயே அதை எப்படியாச்சும் நிறுத்து” என்றாள். சரி என்றேன்.

உடைக்க மனம் வரவில்லை. மறுநாள் இரைச்சலைக் குறைக்க ஃபில்டர் மாட்டப்போகிறேன் என்று பொய் சொல்லி மாடிக்குப் போனேன். குழாயடிப் பெட்டியைத் திறந்து, கேபிளைக் கழற்றிவிட்டு மூடினேன். அரை நிமிட வேலை. கீழே பேட்டரிப் பக்கத்து விளக்கு வழக்கம்போல எரியும், எதுவும் தெரியாது. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பத்து நாளில் அவருக்கே அலுத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வாய் பேசுகிற அளவுக்கு மூளை வேலை செய்திருந்தால் அப்படி நினைத்திருப்பேனா?

கீழே இறங்கி வந்தால் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. “சத்தம் போயிடுச்சு மாப்ள! கேளேன், மழை நின்ன மாதிரி இருக்கு. மாச கணக்கா போராடி சாதிச்சுட்டியே! இனிமே அவன் கூப்பிட்டா கண்டிப்பா கேக்கும்.” ரேடியோவில் மெல்லிய ‘ஸ்ஸ்’ மட்டும் வந்துகொண்டிருந்தது. காது அறுக்கப்பட்ட ரேடியோ அது. என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டு எனக்குக் காபி போடச் சொன்னார். அந்தக் காபியை எப்படிக் குடித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

நான்கு மணி நேரம் எட்டு மணி நேரமானது. முன்பெல்லாம் இரைச்சல் தாங்காமல் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். இப்போது சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். அக்கா என்னை முறைத்தாள். “முயற்சி பண்ணேன்க்கா, முடியல” என்று மட்டும் சொன்னேன். திரும்ப மாட்டிவிடலாம் என்று எத்தனை முறை மாடிப்படி ஏறியிருப்பேன் தெரியுமா? மாட்டினால் கர்ர்ர் என்ற சத்தம் திரும்ப வரும், அவர் முகத்தில் இருக்கிற அந்த நிம்மதி போய்விடும். யாரும் கூப்பிடப் போவதில்லை என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் பாதிப் படியில் வியர்த்துப்போய் இறங்கி வந்தேன். இப்படியே இரண்டு வருடம் போனது.

இந்த ஆண்டு மழை தொடங்கும்போது மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். பேச முடிந்தபோதெல்லாம் ஒன்றையே சொன்னார்: “ரேடியோவை யாராச்சும் பாத்துக்கங்க. ஷீட் திறந்திருக்கு.” பாத்துக்குறேன் மாமா என்றேன். அதுவும் பொய்.

போன வாரம் அக்கா வரச்சொல்லியிருந்தாள். மாமா போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். பெயர் எழுதிக் கொடுக்கிற தாள் மேசைமேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “ஏண்டா, கடைசி வரைக்கும் சத்தமே இல்ல, அவ்ளோ தெளிவா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாரே. அப்போ அவன் கூப்பிட்டிருந்தா அவருக்குக் கேட்டிருக்கும்தானே?”

“கேட்டிருக்கும்க்கா.”

“அப்போ நம்ம புள்ள கூப்பிடவே இல்ல.”

அந்த இரண்டு வருடத்தில் யார் கூப்பிட்டார்கள், யார் கூப்பிடவில்லை என்று சொல்ல உலகத்திலேயே அருகதை இல்லாத ஒருவன் உண்டென்றால் அது நான்தான். “இல்லக்கா” என்றேன்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “சரி விடு. நீ சொன்னா போதும். நீயே எழுது” என்று பேனாவை என்னிடம் கொடுத்தாள். மாமாவின் பெயரை எழுதினேன். அதன் கீழே பையன் பெயரையும் எழுதினேன்.