நிலையின் உள்ளளவு

திருவனந்தபுரத்தில் நான் வரைவாளனாகப் பணியாற்றும் கட்டட அலுவலகத்தில் கதவுகளை ஒவ்வொன்றாக வரைவதில்லை. ஒரு கதவை வரைந்து, அதற்கு ஏற்கத்தக்க அகலங்களை மென்பொருளின் அட்டவணையில் இட்டுவிட்டால் போதும். பிறகு பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்ளலாம். பட்டியலில் இல்லாத அகலத்துக்கு இழுத்தால், கதவு அருகிலுள்ள அளவுக்குத் தாவிவிடும்.

வீட்டு வாசல்களுக்கு அந்த அளவுகளை நாங்கள் முடிவுசெய்வதில்லை. வாசல் நிலையின் சுற்றளவு மனையடி சாத்திரக் கணக்குக்குப் பொருந்த வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். கோல், விரல் என்ற பழைய அளவுகளில் தச்சர் எழுதித் தருவதை, விரலுக்கு மூன்று சென்டிமீட்டராக மாற்றி நான் உள்ளிடுவேன்.

ஆரியசாலை வணிகர் ஒருவரின் புதுவீட்டுக்கும் அவ்வாறே செய்தேன். தலைவாசலுக்கென்று அவர் தம் தோட்டத்துப் பலாவை அறுத்து உலர்த்தியிருந்தார். ஒரே நிலைக்குத்தான் மரம் போதும். வேறு மரத்தில் வாசல் வைக்க அவருக்கு மனமில்லை.

ஒரு முற்பகலில் தச்சர் தொலைபேசியில் அழைத்தார். நாஞ்சில்நாட்டுக்காரர்.

"சாரே, ஒரு சம்சயம். குறுக்குச் சட்டம் ரெண்டும் அறுத்தாச்சு. வச்சுப் பாத்தா வழி ஒடுங்கி இருக்கு. நான் எழுதித் தந்தது உள்ளளவுல்லா?"

அட்டவணையைத் திறந்தேன். அவர் எழுதித் தந்த நாற்பது விரலை, அதாவது நூற்றிருபது சென்டிமீட்டரை, அலுவலகப் பழக்கத்தில் நிலையின் வெளியகலமாக இட்டிருந்தேன். நிலையின் இரு பக்கக் கால்களின் கனமும் சேர்ந்து வழியைத் தின்றுவிட்டது: பதினெட்டு சென்டிமீட்டர். மென்பொருள் மறுக்கவில்லை, அதற்கு நூற்றிருபது ஏற்கத்தக்க எண்தான்.

வீடு கட்டும் இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வணிகர் மரத்தருகே நின்றிருந்தார்.

"உங்க கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டு வேற வரஞ்சிருவீங்க. என் பலாவ அழிச்சு எழுத ஒக்குமா?"

தவறு என்னுடையது என்றேன்.

"கிடக்கட்டும் முதலாளி," என்றார் தச்சர். "கால் ரெண்டும் இன்னும் அறுக்கல்ல. சுத்தளவுதானே கணக்கு? அகலத்துல போன ஆறு விரல உயரத்துல ஏத்திருவோம்."

"நீளம் எத்துமா?"

"எத்தும்."

"என் தடிச்ச மச்சினன் எப்படி உள்ள கேறுவான்?"

"அவரு ஒருபக்கமா சரிஞ்சு வரட்டும்."

வணிகர் சிரிக்கவில்லை. அறுத்த சட்டத்தைச் சிறிது நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "செய்யும்," என்றார்.

வரைபடம் இல்லாமல் இனி வாள் வைக்க மாட்டேன் என்றார் தச்சர். அலுவலகம் திரும்பி, நூற்றிரண்டை உள்ளகலமாகப் புதிய வரியில் இட்டு, உயரத்தைக் கூட்டி அனுப்பினேன். கால்களை அறுத்துவிட்டதாக மாலையில் அவர் தெரிவித்தார். பலாவில் ஒரு சாண் துண்டு மிஞ்சியிருந்தது.