ஒரு பிடி மைதா

என் கணவர் ரொட்டி போடுகிறவர். சித்தூரில் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ரொட்டிக்கடை வைத்திருந்தார்கள். அண்ணன் கல்லாவில் உட்காருவார். இவர் அடுப்படியில் நிற்பார். நானோ நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி வரும்வரை, ரொட்டி என்றால் காய்ச்சல்காரர்கள் பாலில் நனைத்துச் சாப்பிடுகிற பண்டம் என்றுதான் எனக்குத் தெரியும்.

அப்போது மெட்ராஸிலிருந்து ஆந்திர மாநிலம் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று பன்னும் டீயுமாக உட்கார்ந்து கடையில் சண்டை போடுவார்கள். என் கணவர் அதில் கலந்துகொள்ள மாட்டார். உள்ளேயிருந்து வரும் முதல் ரொட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்ப்பார். குடத்தைத் தட்டினாற்போல் சத்தம் வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அதைப் பிட்டு, ஆவி பறக்க ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார். அவருக்கு நாள் அப்படித்தான் தொடங்கும்.

கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே அவர் இளைக்க ஆரம்பித்தார். வயிறு உப்பும், கழியும். வாயெல்லாம் புண். கைகால்கள் குச்சியாகிவிட்டன. காசநோய் என்று அக்கம்பக்கத்தில் குசுகுசுத்தார்கள். நாட்டு வைத்தியர் சங்கிரகணி, தீராக் கழிச்சல் என்றார். பத்தியமாக என்ன சொன்னார் தெரியுமா? ரொட்டியும் பாலும். சித்தூரில் பார்த்த இங்கிலீஷ் டாக்டரும் அதையே சொன்னார்: "அரிசியை நிறுத்துங்க, ரொட்டி குடுங்க." வீட்டிலேயே ரொட்டிக்குப் பஞ்சமில்லை. காலையும் மாலையும் பாலில் ஊறவைத்துக் கொடுத்தோம். அவர் எலும்பும் தோலுமானார்.

கடைசியில் என் அப்பாதான் எங்களை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சீமையில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த ஒரு டாக்டர் அங்கே பார்த்தார். எல்லாப் பரிசோதனையும் முடிந்தபிறகு, "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார்.

"ரொட்டி போடறேங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோதுமையில் ஒரு பசை இருக்கிறது, குளூட்டன் என்று பெயர், சிலருடைய குடலுக்கு அது ஆகாது, குடலின் உள்தோலையே அது அரித்துவிடுகிறது என்று பொறுமையாகச் சொன்னார். மருந்து கிடையாது. கோதுமை வாயில் படக்கூடாது, அவ்வளவுதான். "ஒரு துணுக்குகூட வேண்டாம். மாவு பறக்கிற இடத்திலேயே நிற்காதீங்க."

திரும்பி வருகையில் பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பி, "ஏமே, உங்க நைனாவுக்கு நூலே ஆவாதுன்னு எவனாச்சும் சொன்னா அவர் இன்னா பண்ணுவாரு?" என்று கேட்டார்.

அண்ணன் நம்பவில்லை. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "கோதுமை ஆவாதா? அரிசி இல்லாம ஊரு ஒலகமே ரேஷன்ல அமெரிக்கா கோதுமைய வாங்கித் துன்னுகினு கீது. இவனுக்கு மட்டும் ஆவாதாமா?" என்று சிரித்தார். ஆனாலும் அடுப்படிக்கு வேறு ஆள் போட்டார்.

கோதுமையை நிறுத்திய கொஞ்ச நாளிலேயே என் கணவருக்கு வயிறு அடங்கியது. சோறும் கேழ்வரகுக் களியும் ஒத்துக்கொண்டன. முகத்தில் ரத்தம் ஊறியது. ஆனால் மனுஷர் வீட்டில் அடைந்து கிடந்தார். காற்று வாக்கில் கடையிலிருந்து ரொட்டி வாசனை வரும்போது எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். "சோத்துக்கு இன்னாடா கொறைச்சல்?" என்று அண்ணன் கேட்டார். சோற்றுக்குக் குறைச்சல் இல்லைதான். சின்ன வயசிலிருந்து தினமும் தன் கையால் செய்து தின்றதை இனிமேல் தொடவே கூடாது என்றால், அது சோற்றால் நிரம்புகிற இடமா?

கோதுமை இல்லாமல் ரொட்டி போட்டுப் பார்க்கலாமே என்று நான்தான் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்தப் பசைதான்மே ரொட்டி. அது இல்லாட்டி மாவு காத்தப் புடிச்சி வெச்சிக்காது." ஆனாலும் கொல்லையில் செங்கலும் களிமண்ணும் வைத்துத் தன் கையாலேயே ஒரு சின்ன அடுப்பு கட்டித் தந்தார். கடைச் சாமான் ஒன்றுகூட அதற்கு வரக்கூடாது என்று புதிதாகத் தகர அச்சுகள் வாங்கினோம்.

அரிசி மாவில் போட்டேன். மேலே பாளம் பாளமாக வெடித்து, உள்ளே பச்சை மாவாக இருந்தது. கேழ்வரகில் போட்டேன். கத்தி வைத்ததும் மண்ணாக உதிர்ந்தது. மரவள்ளி மாவு பல்லில் ஒட்டிக்கொண்டது. உளுந்து அரைத்துக் கலந்து புளிக்கவைத்தேன். அழகாக உப்பி வந்தது. அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, "இத்த இட்லின்னு சொல்வாங்க. சட்டினி கீதா?" என்றார். இருவரும் சிரித்தோம். அப்போதெல்லாம் எங்களால் சிரிக்க முடிந்தது.

விடை என் பிறந்த வீட்டில் இருந்தது. ஒருமுறை நகரிக்குப் போயிருந்தபோது அம்மா தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். அறுந்துபோகிற மெல்லிய நூலை அரிசிக் கஞ்சிதான் முறுக்காக நிற்கவைக்கிறது. சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்கு அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ உறைத்தது. சித்தூர் வந்ததும் அரிசி மாவில் ஒரு பங்கைத் தண்ணீர் விட்டு, பாவுக் கஞ்சிப் பதத்துக்குக் காய்ச்சி, ஆறவைத்து, மீதி மாவோடு பிசைந்தேன். முதல்தடவையாக அது மாவுருண்டை மாதிரி கையில் நின்றது. ஆனாலும் சுட்டதும் நடுவில் குழிந்தது. வயிற்றுக்கு நல்லது என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கிற இசப்பகோல் உமி வீட்டில் இருந்தது. தண்ணீர் பட்டதும் அது கொழகொழவென்று ஆகிவிடும். அதையும் ஊறவைத்துச் சேர்த்தேன். கூடவே புளித்த உளுந்து மாவு கொஞ்சம்.

அது குழியவில்லை. கடை ரொட்டி உயரத்துக்கு வரவில்லைதான். ஆனால் மேல்தோல் பழுப்பாக, மொறுமொறுப்பாக இருந்தது. அவர் ரொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டினார். சத்தம் வந்தது. கத்தியால் அறுத்தார். துண்டு துண்டாக விழுந்தது, உதிரவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம்தான் அவர் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்தேன்.

"ரொட்டிதான்மே," என்றார். "இது ரொட்டிதான்."

அங்கேயே விட்டிருக்கலாம். அண்ணன் விடவில்லை. எல்லைத் தீர்ப்பு வந்து, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், நகரியும் புத்தூரும் இந்தப் பக்கமே நின்ற சமயம் அது. இனிமேல் நமக்குத் திருப்பதிதான் என்று முடிவுகட்டி, அங்கே ஒரு கடை திறந்து குடியும் போயிருந்தார். மலைக்கு வருகிற கூட்டத்தில் வயிற்றுக் கோளாறுக்காரர்கள் எத்தனையோ பேர். என் ரொட்டியைத் தின்றுபார்த்தவர், "இத்தப் பத்திய ரொட்டின்னு விக்கலாம்மா. நாலு பேருக்குப் புண்ணியம்," என்றார். என் கணவருக்கும் ஆசை. மாவு பறக்காத முன்கடையில் உட்கார்ந்து, தன் ரொட்டியைத் தானே விற்கலாம். கூண்டிலிருந்து வெளியே வந்தமாதிரி இருக்கும்.

நான் திருப்பதிக்குப் போய் அங்கே இருந்த ரொட்டிக்காரருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். தனித் தொட்டி, தனி அச்சு, தனி அடுப்பு. கோதுமை கிட்டேயே வரக்கூடாது. அண்ணன் பக்கத்தில் நின்று, "ஆவட்டும்மா, ஆவட்டும்மா," என்று தலையாட்டினார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாமி படத்தை மாட்டிக் கற்பூரமும் ஏற்றினார். நான் சித்தூருக்குத் திரும்பினேன். கணவர் திருப்பதியில் அண்ணன் வீட்டில் தங்கி, வாரத்துக்கு ஒருமுறை வந்துபோனார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒருமுறை வந்தபோது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அடுத்தமுறை வாயில் புண். திருப்பதித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஓட்டல் சாம்பாராக இருக்குமோ என்று நினைத்தேன். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பார்கள், அதுவும் கோதுமைதானே என்று அவரே சொன்னார். பெருங்காயத்தை நிறுத்தினோம். கழிச்சல் நிற்கவில்லை. களைத்துச் சோர்ந்த நாட்களில் சோறு வேண்டாம் என்று சொல்லி, நல்லதாயிற்றே என்று பத்திய ரொட்டியையே இன்னும் கூடுதலாகத் தின்றிருக்கிறார்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். கடை முன்னால் நல்ல கூட்டம். என் கணவர் ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்திய ரொட்டி தட்டில் அடுக்கியிருந்தது. எட்டி நின்று பார்த்தபோதே உயரம் தெரிந்தது. அவ்வளவு உயரமாக என் ரொட்டி ஒருநாளும் எழும்பினதில்லை. ஒன்றை எடுத்துப் பிட்டேன். அது பட்டென்று ஒடியவில்லை. நூல் நூலாக இழுத்துக்கொண்டு பிய்ந்தது.

"மாமா, இதுல இன்னா போட்டீங்க?"

அண்ணன் முகம் மாறவில்லை. மாறியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். "ஒரு பிடிம்மா. ஒரு தொட்டி மாவுக்கு ஒரே ஒரு பிடி மைதா. இல்லாட்டி எழும்ப மாட்டேங்குது. தட்டையா இருந்தா எவன் வாங்குவான்?"

ஒரு பிடியில் அந்த உயரம் வராது என்று ரொட்டிக்காரர் வீட்டில் குடித்தனம் பண்ணின எனக்குத் தெரியாதா?

என் கணவர் மெதுவாக எழுந்து வந்தார். என் கையிலிருந்த பாதியை வாங்கிப் பிய்த்துப் பார்த்தார். இத்தனை நாளாகத் தின்ற வாய்க்கு அது தெரியாமல் போனது எப்படி என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். அண்ணன் கொடுத்தது என்பதால் அவர் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணா," என்றார், "நானும் இத்தத்தான் துன்றேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஒரு பிடில இன்னாடா ஆவப்போவுது? டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. எல்லாம் மனசுதான். உனக்குத் தெரியாத வரைக்கும் நல்லாத்தானே இருந்த?"

நல்லாத்தான் இருந்தாராம்! தம்பியின் கன்னம் ஒட்டிக் கிடந்ததை எதிரில் நின்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்த நேரத்தில் புத்தலப்பட்டுப் பக்கத்திலிருந்து வாடிக்கையாக வருகிற ஒரு தெலுங்கு அம்மா வந்தாள். இடுப்பில் குழந்தை. சூம்பிய கால், பானை வயிறு. என் கணவரை வேலூரில் காட்டியபோது அந்த மாதிரிக் குழந்தைகளை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். அவள் பத்திய ரொட்டியைக் கேட்டாள். நான் குறுக்கே போய், "இதி வத்தம்மா! இந்துலோ மைதா உந்தி, பில்லகி பெட்டொத்து," என்றேன். இது வேண்டாம், இதில் மைதா இருக்கிறது, குழந்தைக்குக் கொடுக்காதே என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்.

அவள் மிரண்டு அண்ணனைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "மா இன்ட்டி கொடவம்மா, மீரு தீஸ்கோண்டி," என்றார். எங்கள் வீட்டுச் சண்டை, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பொறாமைக்காரி என்று நினைத்திருப்பாள். ரொட்டியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். பின்னாலேயே ஓடினேன். பஸ் நிலையத்துக் கூட்டத்தில் அவளைக் காணவில்லை. அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கணவரைச் சித்தூருக்கு அழைத்து வந்தேன். இந்தமுறை உடம்பு சீக்கிரம் தேறவில்லை. போன சதையில் பாதிதான் திரும்பி வந்தது. கொல்லை அடுப்பை மறுபடி மூட்டி, அவர் கண்ணெதிரிலேயே மாவைக் காய்ச்சி, பிசைந்து, சுட்டுக் கொடுத்தேன். கவிழ்த்துத் தட்டினார். பிட்டார், முகர்ந்தார். தட்டில் வைத்துவிட்டார்.

"நான் போட்டதுங்க. நீங்க பாத்துகினே இருந்தீங்களே."

"தெரியும்மே."

"அப்புறம் இன்னா?"

"வாய்க்கிட்ட கொண்டு போனா ஒமட்டுது. நீ வருத்தப்படாத."

எத்தனையோ தடவை செய்துபார்த்தேன். அவர் சாப்பிடவே இல்லை. சோறும் களியும் போதும் என்றார். அதே வருஷம் தீபாவளிக்கு அண்ணன் வேட்டி துண்டோடு வந்தார். என் கணவர் எழுந்து நின்று, "வாண்ணா," என்றார். இருவரும் உட்கார்ந்து பழங்கதை பேசினார்கள். கூடப்பிறந்தவன் ஆயிற்றே என்று என்னிடம் பிறகு சொன்னார். அண்ணனை ஏற்றுக்கொண்ட வயிறு, என் ரொட்டியை ஏற்றுக்கொள்ளவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

திருப்பதிக் கடை நன்றாக ஓடியது. பத்திய ரொட்டிக்குத் தெலுங்கிலும் தமிழிலும் தனிப் பலகை வைத்தார்கள் என்று கேள்வி. அண்ணன் வரும்போதெல்லாம் தண்ணீர் கொடுப்பேன், சோறு போடுவேன். பேச மாட்டேன். அவர் அதைக் கவனித்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

என் கணவர் அதற்குப் பிறகு சில வருஷங்கள்தான் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவருக்கு அதைத் தாங்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. காரியமெல்லாம் முடிந்து, உறவு ஜனம் கலைந்துபோன பிறகு ஒருநாள், என்ன நினைத்தேனோ, அரிசி மாவைக் கஞ்சி காய்ச்சி ஒரு ரொட்டி போட்டேன். ஆறினதும் அறுத்து, தனியாக உட்கார்ந்து தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அவர் கையால் கட்டின அந்தக் கொல்லை அடுப்பை மறுநாளே இடித்தேன்.