ஃப்ளாட்லாக் போட்ட கதாநாயகன்

பனியன் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்து, வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் நான் தட்டிக் கழித்துக்கொண்டிருந்ததில் அப்பா நொந்து போயிருந்தார். இந்த முறை அவருக்கு ஒரு புது யோசனை. "நீயும் இந்த மாப்பிள்ளையும் ஒரு படத்துக்குப் போய்ட்டு வாங்க கண்ணு. அம்மாளும் கூட வரட்டும். படம் உட்டதும் சரியா, வேண்டாமான்னு சொல்லிரோணும்" என்றார்.

மாப்பிள்ளை அருள்புரம் பக்கம் கம்பெனிகளுக்கு இரும்பு ஷெட் கட்டித் தரும் இன்ஜினியர். படத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். பாரிஸ் நகரத்து இரும்புக் கோபுரத்தைக் கட்டிய இன்ஜினியரின் காதல் கதை, தமிழ் டப்பிங்கில். பரவாயில்லை, மனுஷனுக்கு ரசனை இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கோபுரத்தடியில் கதாநாயகி மழையில் நனைந்து அழுதுகொண்டிருக்கிறாள், இவர் என் பக்கம் சாய்ந்து, "கோபுரத்தோட காலுக்கடியில மணல் பெட்டி வெச்சிருக்காங்க பாருங்க. மணலக் கொஞ்சங் கொஞ்சமா வெளிய உட்டா கால் இறங்குமுங்க. லெவல் பண்றதுக்குங்க" என்கிறார். பத்து நிமிஷம் கழித்து, "இத்தன உயரத்துல வேலை செய்யறவங்க ஒருத்தருமே சேஃப்டி பெல்ட் போடலீங்க" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காதலியைப் பார்க்கச் சொன்னால் கடப்பாறையைப் பார்க்கிறவரோடு காலம் தள்ள முடியுமா? வேண்டாம் என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். விடிவதற்கு முன்பே எழுந்து பால் கறந்தவள், ஏசிக் குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நல்லதாகப் போயிற்று. அடுத்தது முத்தக் காட்சி.

கதாநாயகன் கோட்டைக் கழற்றினான், சட்டையைக் கழற்றினான். உள்ளே பனியன். காதலி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை.

"ஐயோ, ஃப்ளாட்லாக்!" என்று கத்திவிட்டேன்.

"என்னங்க?" என்றார் இவர்.

"பனியனோட ஓரத்தப் பாருங்க. ஃப்ளாட்லாக் மெஷின்ல போடற ரெட்டை ஊசித் தையல் ஓடியிருக்குது. அந்தக் காலத்துல அந்த மெஷின் ஏதுங்க? அப்பட்டமா நம்மூருப் பனியனுங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. முத்தத்தை விட்டுவிட்டுத் தையலைப் பார்த்த நானா அவரைக் குறை சொன்னேன்? நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. இருக்கை நுனிக்கு வந்து திரையை உற்றுப் பார்த்தார். "அட, ஆமாங்க! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று, தான் போட்டிருந்த டீ-ஷர்ட்டின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். செல்போன் வெளிச்சத்தில் நான் தையலை விளக்க, பின்வரிசைக்காரர் எங்களைத் திட்டினார். அப்புறம் நான் மணல் பெட்டியைப் பற்றிக் கேட்டேன், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில். என் வேலையைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

விளக்கு போட்டார்கள். அம்மா திடுக்கிட்டு விழித்து, "ஏன் கண்ணு, கடைசில அவிய ரெண்டு பேரும் சேந்தாங்களா?" என்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

வாசலுக்கு வருவதற்குள் அப்பாவிடமிருந்து போன் வந்துவிட்டது. "நிச்சயத்துக்கு நாள் பாருங்கப்பா" என்றேன். அதையே இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்.

"கண்ணு, போனை அம்மாகிட்டக் குடு" என்றார்.