கட்டிய தாலியை மறுபடி கட்டச் சொன்னார்கள்

"போட்டோகிராஃபர் எப்பம்மா வருவாங்க?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். மூலக்குளத்தில் ஒரு காதுகுத்து. என் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. "வந்துட்டாங்க, நான்தான்" என்றேன். அவர் என் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு ஆம்பளை வருவான் என்று சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை அவர் காத்திருந்தார்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. முதலியார்பேட்டையில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு முதலாளியும் நான்தான், கூட்டிப் பெருக்குகிறவளும் நான்தான். ரொம்ப வருடம் டி.எஸ்.எல்.ஆர். கேமராவைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அது சோறு போட்டது, இல்லை என்று சொல்லவில்லை. தோள்பட்டை வலியையும் அதுதான் கொடுத்தது. பிறகு, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்தாவின், அதாவது பழைய சிப்பாயின், குடும்பம் மொத்தமாகப் பாரிஸுக்குக் கிளம்பியது. அவர்கள் வீட்டுச் சாமான்களைக் கழித்துக் கட்டியபோது, ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்று என் கைக்கு வந்தது. பார்க்க டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் சென்சார், பெரிய கேமராவுக்குள் இருப்பதன் அளவேதான். அதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். கல்யாண வீடுகளில் கேமராவின் பருமனை வைத்துத்தான் போட்டோகிராஃபருக்கு நாற்காலி போடுகிறார்கள்.

என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வேன். டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாக வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. பட்டனை அமுக்கினால் அந்தக் கண்ணாடி சட்டென்று மேலே போகும், கண்ணுக்கு இருட்டிவிடும். அதாவது எந்த நொடியைப் படம் எடுத்தீர்களோ, அந்த நொடியை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். எத்தனை ஆயிரம் முறை தாலி கட்டுவதை எடுத்திருப்பேன்! ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை என்பது இந்தச் சின்ன கேமரா வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இதில் ஓரத்தில் தனியாக ஒரு ஜன்னல். அதில் வெள்ளைக் கோட்டால் ஒரு கட்டம். கட்டத்துக்குள் இருப்பது படத்தில் வரும், வெளியே நிற்பவர்களும் கண்ணுக்குத் தெரிவார்கள். எதுவும் இருட்டாது.

ஃபோகஸ் நம் கையில். ஜன்னலின் நடுவில் சின்னதாக ஒரு சதுரம், அதற்குள் எல்லாம் இரட்டையாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பித் திருப்பி அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவேண்டும். சேர்ந்த இடம் படத்தில் பளிச்சென்று விழும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பது, தூரத்தில் இருப்பது எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். எது கலங்கப்போகிறது என்று கேமரா முன்கூட்டிச் சொல்லாது. ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு என்பதால் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்தாலும் சொல்லாது. நானும் ஒரு வளைகாப்பில் மூடியோடு நாலைந்து படம் எடுத்து, "வாவ், சூப்பர்" என்று வேறு சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பறவை எடுக்கப் போகிறவர்களும் கிரிக்கெட் எடுக்கப் போகிறவர்களும் தாராளமாகப் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போகட்டும். எனக்கு மனுஷ முகம் போதும்.

போன ஆவணியில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்காவின் வீட்டுக்காரர் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். மில்லை மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்தார், பிறகு நோயில் போய்ச் சேர்ந்தார். அக்கா துணிக்கடையில் நின்று நின்றே அந்தப் பெண்ணை நர்ஸிங் படிக்கவைத்தாள். அந்தக் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மேடையில் நிற்க அவளுக்கு இடமில்லை. தாரை வார்க்கப் பெரியப்பா, பெரியம்மா ஜோடியாக உட்காருவார்கள் என்று முடிவானது. மாப்பிள்ளையின் அம்மா வேண்டாம் என்று நேராகச் சொல்லவில்லை. "அதெல்லாம் உங்களுக்கே தெரியும்" என்றார், அவ்வளவுதான்.

நான் குதித்தேன். அக்காதான் என்னை அடக்கினாள்.

"வேணாம்டி. நம்மால ஒரு பேச்சு வரக் கூடாது. அவ நல்லா இருந்தாப் போதும். நான் கீழ நின்னு பாத்துக்கறேன்."

"நீ பெத்த பொண்ணுக்கு நீ ஆவமாட்டியா?"

"உனுக்கு வாய் ஜாஸ்தி. கல்யாணம் முடியற வரைக்கும் அதைக் கொஞ்சம் மூடிக்கினு இரு."

மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம் அதுதான்.

படம் எடுப்பதிலும் எனக்கு இடமில்லை. உழவர்கரையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஸ்டுடியோவின் ஆட்களை மாப்பிள்ளை வீட்டில் பேசிவிட்டார்கள். "உங்க தங்கச்சி கேமரா ரொம்ப சின்னதா இருக்காமே" என்று அக்காவிடம் போனில் கேட்டார்களாம். சித்தி என்ற முறையில் நான் ஓரமாக நின்று எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணினார்கள்.

முகூர்த்தத்தன்று மேடையில் மணமக்களுக்கு முன்னால் கேமராக்காரர்கள் சுவர் எழுப்பியதுபோல் நின்றார்கள். பெரிய கேமரா இரண்டு, வீடியோ இரண்டு, விளக்குப் பிடிக்க ஒருவர். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஐந்து முதுகுகள். எல்லோரும் ஓரத்தில் வைத்திருந்த திரையில்தான் கல்யாணம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எங்கே என்று தேடினேன். கூட்டத்தில் தெரியவில்லை. நான் பெண்ணின் பக்கமாக, உறவுக்காரப் பெண்களோடு இடித்துக்கொண்டு நின்றேன். என் கேமரா இருந்த சத்தமே யாருக்கும் தெரியவில்லை.

கெட்டி மேளம் கொட்டியது. மாப்பிள்ளை எழுந்து குனிந்தான். பெண் தலையைத் தாழ்த்தினாள். வளையத்தைத் திருப்பினேன், இரண்டு பிம்பமும் ஒன்றானது, ஒரே ஒரு முறை அமுக்கினேன். அந்த நொடியை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதற்குள் அட்சதை மழையாகக் கொட்ட, நாத்தனார் பின்னால் வந்து முடிச்சுப் போட, எல்லாம் முடிந்துவிட்டது.

அப்புறம்தான் முன்வரிசையில் சலசலப்பு. கேமராக்காரர்கள் இருவரும் தங்கள் கேமராவின் திரையைப் பார்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். வீடியோக்காரர் ஒருவர் நல்ல கோணம் தேடி உள்ளே நுழைந்திருக்கிறார். இருவரும் சரமாரியாக எடுத்துத் தள்ளிய அத்தனை படத்திலும் அவருடைய முதுகுதான். கண் இருட்டிக்கொண்டே இருந்ததில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

அதில் மூத்தவர் மாப்பிள்ளையிடம் வந்தார். "சார், ஒரு முடிச்சை மட்டும் லேசா அவுத்துட்டு, அப்பிடியே கட்டற மாதிரி புடிங்க. ரெண்டே நிமிஷம்."

நான் அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன், "ஆல்பத்துல தாலி கட்டற போட்டோ இல்லன்னா எப்பிடி? செய்யிப்பா" என்றார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்து, "சட்டுனு எடுத்துக்குங்கோ, எனக்கு இன்னொரு முகூர்த்தம் இருக்கு" என்றார். சம்பந்தியம்மா தலையாட்டினார். நாத்தனார் நிஜமாகவே பின்னால் வந்து முடிச்சில் கை வைத்தாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. பெற்றவள் மேடையில் நின்றால் ஆகாது. கட்டிய தாலியைப் படத்துக்காக அவிழ்த்தால் மட்டும் ஆகும். எந்த ஊர் நியாயம் இது? மணப்பெண் தாலியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் என் வாய் மூடியிருக்குமா?

"யாரும் கை வைக்காதீங்க!" என்று போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் நின்றுவிட்டது. "தாலி கட்டன போட்டோ என்கிட்ட இருக்கு. ஒருத்தரும் எதையும் அவுக்க வேணாம்."

"இந்த டப்பாவுலயா?" என்று தாய்மாமன் கேட்டார்.

"ஆமா, இந்த டப்பாவுலதான்."

சொல்லிவிட்டேனே தவிர, படம் விழுந்திருக்கிறதா என்று எனக்கே தெரியாது. எடுத்தவுடன் திரையைப் பார்க்கும் பழக்கத்தை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. அந்தப் பேச்சுக்கு நடுவில் என் விரல் தானாகப் போய் லென்ஸைத் தடவியது. மூடி இல்லை. அப்பாடா என்று இருந்தது. "காட்டுங்க பாக்கலாம்" என்றார் கேமராக்காரர். "நீங்க எடுத்ததை நான் கேட்டனா?" என்றேன். காட்டி, அது சரியில்லாமல் போயிருந்தால் அங்கேயே முடிச்சு அவிழ்ந்திருக்கும். ஐயர் அடுத்த முகூர்த்தத்துக்கு அவசரப்பட, கூட்டம் பந்திக்கு எழுந்தது. தாலி தப்பியது.

மறுநாள் காலையில் ஸ்டுடியோவில் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். படம் விழுந்திருந்தது. ஆனால் மாப்பிள்ளையும் பெண்ணும் கலங்கலாக இருந்தார்கள். யார் யார் என்று அடையாளம் தெரியும், மஞ்சள் கயிறு தெரியும், அவ்வளவுதான். இரண்டு தலைக்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி. அதன் வழியே, மேடையின் அந்தக் கோடியில், நாதஸ்வரக்காரர்களுக்குப் பக்கத்துப் படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் பளிச்சென்று, இமை முடிகூட எண்ணலாம்போல விழுந்திருந்தது. அட்சதைக் கையைத் தூக்கியபடி, போடக்கூட மறந்து, வாயைத் திறந்துகொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேடியபோது கிடைக்காதவள் அங்கே இருந்தாள்.

நடுச் சதுரம் அந்த இடைவெளியில் விழுந்திருக்கிறது. நான் ஒன்றாகச் சேர்த்தது அக்காவின் முகத்தை. இந்தக் கேமராவைப் பிடிக்கிற எல்லோரும் ஒரு நாள் செய்யும் பிசகுதான் இது. எனக்கு அதில் வெட்கமில்லை. அழுகைதான் வந்தது, அழுதேன். அக்காவின் கல்யாணப் படங்களுக்குப் பிறகு அவளை யாரும் இவ்வளவு தெளிவாக எடுத்ததில்லை.

பத்து நாள் கழித்து சம்பந்தியம்மா மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

"கட்டனவன் கலங்கலா இருக்கான், கட்டிக்கிட்டவ கலங்கலா இருக்கா. ஓரமா நின்னவங்க மட்டும் பளிச்சுனு இருக்காங்க. இது இன்னா போட்டோம்மா?"

"இதுதாங்க போட்டோ" என்றேன். "உங்களுக்கு வேணும்னா அந்த வீடியோக்காரரு முதுகு இருக்கு. அது நல்ல ஷார்ப்பா வந்திருக்குதாம்."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தான். சம்பந்தியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அதே புடவையைக் கட்டிக்கொண்டு, ஒரு மண்டபத்தில் மேடை போட்டு, தாலி கட்டுவதுபோல் இன்னொரு முறை எடுத்துவிடலாம், அந்த ஸ்டுடியோக்காரர்கள் அதற்குச் சம்மதித்துவிட்டார்கள் என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் அக்கா மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

விரலால் திரையைத் தொட்டாள்.

"அம்மா இங்கியா நின்னாங்க, சித்தி?"

"ஆமா."

"நான் அன்னிக்கி ஃபுல்லா தேடனேன். முன்னாடி லைட்டு கண்ணைக் கூசுது, ஒரே கேமராவா நிக்குது. அம்மா பாக்கலன்னே நெனச்சிக்கினு இருந்தேன். அப்புறம் கேட்டதுக்கு பாத்தேன்னுதான் சொன்னாங்க. பாக்கலன்னாலும் அவங்க அப்படித்தான் சொல்வாங்க."

அவள் குரல் உடையவில்லை. மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சிக்கொண்டாள். சம்பந்தியம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். இன்னொரு முறை எடுப்பதைப் பற்றி அவர் மறுபடி ஆரம்பிக்க, அவள் திரும்பாமலே சொன்னாள்.

"தாலி ஒரு தடவதான் அத்தை கட்டனாரு. போட்டோவும் ஒண்ணு போதும். சித்தி, இதையே பெருசா போட்டுக் குடுங்க. உங்ககிட்ட இருக்கறதுலயே பெரிய சைஸ்."

"பெருசா போட்டு எங்க மாட்டப் போற?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"நம்ம கூடத்துல, அத்தை. உள்ள வர்றவங்களுக்கு மொதல்ல எங்க அம்மா தெரியணும்."

நான் பிரிண்டரில் காகிதத்தைச் செருகினேன்.