கயத்தாற்றில் நடந்த வருடாந்தரப் பரிசோதனை

என் வீட்டுக் கூரையில் மழைக்கு ஒழுகும் நான்கு ஓடுகளை மாற்ற மூன்று வருடமாக எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு விமானம் வாங்கினேன். இதை வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மதுரையில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் எனக்கு முன்பே சொல்லிவிட்டபடியால் நானும் சொல்லிவைக்கிறேன். யுத்த காலத்தில் சிப்பாய்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த, இரண்டு பேர் உட்காரக்கூடிய பழைய விமானம். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி இறக்கைகள். மரச் சட்டம், அதன்மேல் துணி, துணியின்மேல் வார்னிஷ். ஏலத்தில் எனக்கு எதிராகக் கேட்டவர் ஒரு பழைய இரும்பு வியாபாரி. அவர் பாதியில் ஒதுங்கிக்கொண்டபோதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

விமானம் வாங்கியவனுக்கு ஒரு புத்தகம் வருகிறது. அதில்தான் விதிகள் இருக்கின்றன. சொந்தக்காரன் தன் கையால் பெட்ரோல் ஊற்றலாம், எண்ணெய் ஊற்றலாம், டயருக்குக் காற்றடிக்கலாம், கண்ணாடி துடைக்கலாம். மற்ற எதைத் தொட்டாலும் லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை நடத்தி, பறக்கத் தகுதி உண்டு என்ற சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதி தாண்டிவிட்டால் விமானம் பறக்கக்கூடாது. வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஐம்பத்தெட்டாம் வருடம் மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமையோடு என் சான்றிதழ் முடிய இருந்தது. பரிசோதனைக்குத் திருவனந்தபுரத்தில் இடம் கேட்டு வாங்கியிருந்தேன். செவ்வாய்க்கிழமையே புறப்பட்டுவிட்டேன். கையில் மூன்று நாள் இருப்பதாக நினைப்பு.

செவ்வாய், காலை 7.10. மதுரையில் கிளம்பினேன். கீழே சாத்தூர் கடந்ததும் மண் கறுத்துக்கொண்டே வந்தது. பருத்தி எடுத்து முடிந்த வயல்கள் வெடிப்பு விட்டுக் கிடந்தன. மேலேயிருந்து பார்க்கும்போது யாரோ பெரிய தோசைக்கல்லை வெயிலில் கவிழ்த்துப்போட்ட மாதிரி இருந்தது. கோவில்பட்டியைத் தாண்டியதும் என் மூக்குக்கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக எண்ணெய். எண்ணெய்க் குழாயின் இணைப்பு நழுவியிருந்தது. கயத்தாற்றில் யுத்தத்தின்போது போட்ட ஓடுதளம் ஒன்று சும்மா கிடப்பது ஞாபகம் வந்தது. 8.05-க்கு இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்று முறை விழுந்து, நான்காவது முறை நின்றேன்.

ஒரு நட்டைத் திருகினால் சரியாகிவிடும். ஸ்பேனர் என் பையில் இருந்தது. ஆனால் புத்தகம்? நட்டைத் தொடும் உரிமை எனக்கு இல்லை. நான் விதிப்படி நடக்கிறவன் என்பதில் எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

ஓடுதளத்தின் ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாடசாமிக் கோனார் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும்.

"கீழ விழுந்துட்டீகளா?"

"இல்லை, இறக்கினேன்."

"சரி, சரி. அடி ஒண்ணும் படலையே?"

கோவில்பட்டி போய்த் தந்தி கொடுத்து இன்ஜினியரை வரவழைக்க வேண்டும், அதுவரை இரவும் பகலும் இங்கேயே இருந்து விமானத்தைக் காவல் பார்ப்பீர்களா என்று கேட்டேன். அவர் விமானத்தைப் பார்த்தார், தன் ஆடுகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"இங்கனயே கெடக்கணும், அம்புட்டுத்தானே? ஒரு மனுசப்பய கை வைக்க மாட்டான். நீங்க தெம்பாப் போயிட்டு வாங்க."

பஸ்ஸில் பதினான்கு மைல் திரும்பிப் போனேன். கோவில்பட்டியில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தங்கிய லாட்ஜில் கொசு ஏராளம். புதன்கிழமை முழுதும் விதிப் புத்தகத்தைப் படித்தேன், கடலை மிட்டாய் தின்றேன். இரண்டில் மிட்டாய்தான் சீக்கிரம் கரைந்தது.

வியாழன், காலை 6.40. மதராஸ் ரயிலிலிருந்து இன்ஜினியர் சுந்தரம் இறங்கினார். ஒல்லியானவர். கையில் கருவிப் பெட்டி, முகத்தில் தூக்கமின்மை. ஸ்டேஷன் வாசலில் காசிம் பாயின் டாக்சியைப் பிடித்தோம். கயத்தாற்றுக்கு ஏழு ரூபாய். விஷயத்தைக் கேட்டதும் காசிம் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். சாலையைப் பார்த்தால் தேவலை என்று நினைத்தேன்.

"ஒரு நட்ட முறுக்கவா அண்ணாச்சி மெட்ராசுலேருந்து ஆளு வருதாவ?"

"அதுதான் சட்டம்."

"எங்க வண்டில நட்டு கழண்டா கயித்தப் போட்டுக் கட்டிட்டு ஓட்டுதோம்."

"உங்கள் வண்டி ஏற்கெனவே தரையில்தானே இருக்கிறது, பாய்" என்றார் சுந்தரம். வழி நெடுக அவர் பேசியது அது ஒன்றுதான்.

காலை 7.35. ஓடுதளத்துக்கு வந்தோம். விமானத்தைக் காணவில்லை.

அது இருந்த இடத்தில் ஆடுகள் இருந்தன. நூற்றைம்பதுக்குக் குறையாது. அவற்றின் நடுவிலிருந்து என் விமானத்தின் வாலும் மேல் இறக்கையும் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் முள்ளும் தட்டியும் வைத்து ஒழுங்காக அடைப்பு கட்டியிருந்தது. கிடை போட்டிருந்தார் மாடசாமி. விளைச்சல் எடுத்த வயலில் ஆடுகளை ராத்திரிக்கு அடைத்து உரமேற்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஆட்டுக்காரர் படுக்கை அந்தக் கிடைக்குள்ளேயேதான். இரவும் பகலும் இங்கேயே கிடக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஆட்டை விட்டுவிட்டு ஓர் ஆட்டுக்காரர் எப்படிக் கிடப்பார்?

"ஒரு மனுசன் தொடலை" என்றார் அவர், சாட்சி சொல்கிற குரலில்.

உண்மைதான். மனுசன் தொடவில்லை. இடப்பக்கத்துக் கீழ் இறக்கையின் பின்விளிம்பில், உடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு துளை இருந்தது. துளைக்குக் கீழே ஒரு கறுப்பு வெள்ளாடு நின்று வார்னிஷ் பூசிய துணியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அது என்னைப் பார்த்த பார்வையில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத முடியாது. "நாளைக்குச் சான்றிதழ் முடிகிறது! இன்றைக்கே பறந்தாக வேண்டும்! துணி ஒட்டு ஒன்று போட்டுக் கையெழுத்துப் போடுங்கள் சார், நான் போய்விடுகிறேன்!" என்று சுந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏளா, செவலைக்குப் பக்கத்துல போ!" என்று மாடசாமி அந்த ஆட்டை ஒரு சிவப்பு ஆட்டின் பக்கம் விரட்டினார். பிறகு என்னிடம், "வாசன நல்லா இருந்திருக்கும் போல, சார். நேத்தெல்லாம் மோந்துக்கிட்டேதான் இருந்துச்சு" என்றார், ஏதோ எனக்கு ஆறுதலாக இருக்கும் என்பதுபோல.

சுந்தரம் முழங்கால் போட்டு உட்கார்ந்து, துளைக்குள் கையை விட்டார். இறக்கைக்குள் முதுகெலும்பு மாதிரி ஒரு மர விட்டம் நீளமாக ஓடும். இறக்கையின் கனத்தையும் விமானி உயிரையும் தாங்குவது அதுதான். அவர் கை அதன் மேல் நகர்ந்துபோய், ஓரிடத்தில் நின்றது. வெளியே எடுத்தபோது விரல்களில் பழுப்புத் தூள். மாவு மாதிரி.

"பசை" என்றார். "ஒரு காலத்தில் பசையாக இருந்தது."

டார்ச் விளக்கை என்னிடம் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். விட்டத்தின் இணைப்பு பிரிந்து வாய் திறந்திருந்தது. என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு. விரலை நுழைத்தும் பார்த்தேன். ஏன் நுழைத்தேன் என்று தெரியவில்லை.

"இதோடா மதுரையிலிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டார். பிறகு, "திருவனந்தபுரம் போகும் வழியில் மலை வருகிறது, காற்று அடிக்கும்" என்றார். என் கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். காசிம் பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

சுந்தரம் விமானத்தின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். போன வருடப் பக்கத்தில் பச்சை மையில் எழுதியிருந்தது: 'இறக்கைகளின் உட்பகுதி திறந்து பார்க்கப்பட்டது. திருப்தி.' கீழே வேறோர் இன்ஜினியரின் கையெழுத்து.

"திறக்கவேயில்லை, சார்" என்றார். "பாருங்கள், இது பழைய தையல். யுத்த காலத்து நூல். திறக்காமலேயே எழுதியிருக்கிறார். உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது."

பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கறுப்பு ஆடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

போன வருடம் அந்த மனிதர் என்னிடம் நேரடியாகவே சொன்னார். துணியைப் பிரித்தால் ஒரு மாதம் ஆகும், மறுபடி துணி போர்த்த வேண்டும் என்றார். அடுத்த வாரம் என் மைத்துனன் கல்யாணத்துக்கு நான் விமானத்தில் போய் இறங்க வேண்டியிருந்தது. "உள்ளே என்ன சார் இருக்கப்போகிறது, மரம்தானே" என்று சொன்னவன் நான். அவர் தயங்கினார். நான் காப்பி வாங்கிக்கொடுத்தேன். காப்பி நன்றாக இருந்தது. நட்டைத் தொடாத நியாயவான், இறக்கை விஷயத்தில் இப்படி. அந்தக் கல்யாணத்தில் ஆறு பேரை ஒவ்வொருவராக முன்சீட்டில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டினேன். அதில் ஒருத்தி என் மகள்.

சுந்தரம் பதிவேட்டை மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டியைத் திறந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். பழுது கண்டால் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை. 'இறக்கையைத் திறந்தவர் பெயர், லைசென்ஸ் எண்' என்று ஓர் இடம். பேனாவைத் திறந்து அந்த இடத்தில் வைத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உங்கள் பெயரைப் போடட்டுமா?"

"வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்."

எழுதினார். 'வெள்ளாடு. லைசென்ஸ் இல்லை.'

சனிக்கிழமை, காலை 9 மணி. சான்றிதழ் உயிரை விட்டு ஒன்பது மணி நேரம். இறக்கைகளைக் கழற்றி ஒரு மாட்டு வண்டியிலும், உடலை இன்னொன்றிலும் ஏற்றினோம். கோவில்பட்டி கூட்ஸ் ஷெட்டுக்குப் பதினான்கு மைல். வானத்தில் பத்து நிமிடத் தூரம், வண்டியில் ஒரு பகல். இரண்டு பக்கமும் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் புறப்படுமுன் இறங்கி, சக்கரங்களின் கடையாணியை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. என்னால் அவரை நேராகப் பார்க்க முடியவில்லை.

கிளம்புமுன் அந்த ஆட்டிடம் விடைபெறப் போனேன். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நாளில் எனக்குள் ஒரு பக்தியே வளர்ந்திருந்தது. எத்தனையோ பேர் கையெழுத்திட்ட விமானத்தை ஒழுங்காகப் பரிசோதித்தது இது ஒன்றுதான். ஏதோ ஒரு சக்திதான் இதை எனக்காக அனுப்பியிருக்க வேண்டும் என்று தோன்றியது. மாடசாமிக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்த அவர் மனைவி பேச்சியம்மாளிடம் அதைத் தழுதழுத்த குரலில் சொல்லியும்விட்டேன். "என் உயிரைக் காப்பாற்றத்தான் அம்மா இது அந்தத் துணியைத் தின்றிருக்கிறது."

அந்த அம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன வாரம் எங்க வீட்டுக்காரரு வேட்டியத் தின்னுச்சே, சார். அது யாரு உசுரக் காப்பாத்தவாம்?"